ஏற்காட்டு கிளினிக்குக்கு மென்பொருள் எழுதிய அனுபவம்

சேலத்தில் ஒரு கிளினிக், ஏற்காட்டில் அதற்கு ஒரு கிளை. இரண்டுக்கும் பொதுவான மருத்துவப் பதிவு மென்பொருளை எங்கள் சின்னக் குழு எழுதி, மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலில் இணைக்கிற மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடும் இணைத்திருக்கிறது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஓ.பி. நேரத்தில் சிஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். டாக்டர் சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று) என்று எழுதி, 'சாப்பாட்டுக்கு முன்' என்று ஒரு கோடு இழுக்கிறார். அவ்வளவுதான், அடுத்த டோக்கன். ஆனால் மிஷன் கேட்பது எஃப்.எச்.ஐ.ஆர். ஆர்4 வடிவம், அதாவது மருத்துவத் தகவலைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான சர்வதேசத் தரம். அதில் காலைச் சாப்பாட்டுக்கு முன் என்றால் ஏ.சி.எம்., இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்றால் பி.சி.வி. என்று தனித்தனிக் குறியீடு. டாக்டரை இதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மறுநாளே கணினியை மூடிவிட்டுப் பேனாவை எடுத்துவிடுவார். எனவே அவர் 1-0-1 என்றே தட்டுவார், குறியீடாக மாற்றுவது மென்பொருளின் வேலை. அவர் தட்டிய எழுத்தும் அப்படியே கூடப் போகும். மறுமுனையில் படிக்கிற டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வேளை மாறினால் அது நேரே நோயாளியின் வாய்க்குள் போகிற தவறு. அதனால் இந்த ஒரு திரைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

அடுத்தது 14 இலக்க ஆபா எண், மிஷனில் ஒவ்வொருவருக்கும் உரிய மருத்துவக் கணக்கு எண். எஸ்டேட்டில் வேலை செய்கிற பலருக்கு ஆதாரோடு இணைத்த போன் கையில் இருப்பதில்லை, ஓ.டி.பி. திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போகிறது. "தம்பி, நம்பர் இல்லைன்னா பேஷண்டைத் திருப்பியா அனுப்ப முடியும்?" என்று சிஸ்டர் கேட்டார். நியாயம்தானே? ஆபா விருப்பத்தின் பேரில் எடுப்பதுதான், கட்டாயமில்லை. பெயர், வயது, ஊர் இருந்தால் பதிவு ஓடும், எண்ணைப் பிறகு சேர்க்கலாம்.

மழைக்காலத்தில் மலையில் நெட் போய்விடும். அதனால் கிளினிக் கணினியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் சேலத்துக்கு அனுப்புகிற மாதிரி செய்தோம். இரண்டு இடத்திலும் ஒரே நோயாளிக்கு எழுதியிருந்தால் எதையும் அழிக்காமல் இரண்டையும் காட்டும். அலர்ஜி விஷயத்தில் எது சரி என்று முடிவெடுக்க மென்பொருளுக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

மிஷனின் சோதனைத் தளமான சாண்ட்பாக்ஸில் மூன்று கட்டம்: ஆபா உருவாக்கிச் சரிபார்ப்பது, நம் பதிவை இணைத்துப் பகிர்வது, பிற இடத்துப் பதிவை நோயாளியின் சம்மதத்தோடு வாங்குவது. இரண்டாவதுதான் கடினம். கோரிக்கை அனுப்பினால் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு, உண்மையான பதிலைப் பிறகு நம் சர்வர் முகவரிக்கு அனுப்புவார்கள். எந்தப் பதில் எந்தக் கோரிக்கைக்கு என்று லாக் வைக்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

நோய்ப் பெயர்களுக்கு ஸ்நோமெட் சி.டி. என்ற சர்வதேச மருத்துவச் சொல் தொகுப்பை வைத்தோம். அதை நடத்தும் அமைப்பில் இந்தியா உறுப்பு நாடு என்பதால் இங்கே அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியில், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பாதுகாப்புத் தணிக்கை. யார் எதைப் பார்க்கலாம் என்பதை அதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். டோக்கன் போடுகிறவருக்கு லேப் ரிசல்ட் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தணிக்கைக்கான செலவையும் கிளினிக்கிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது.