வாய்க்காலைத் தேடிப் போன சங்கம்

அந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. முதல் நாள் பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டார்கள். இரண்டாம் நாள் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே வந்தது. மூன்றாம் நாள் கடைசி வீட்டுப் பாட்டியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக டிராக்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நான்காம் நாள் வார்டு உறுப்பினருக்கு நான் போன் செய்தபோது அவர் எடுத்த எடுப்பிலேயே, “நீங்க இன்னிக்குப் பதினேழாவது ஆள் அக்கா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. சங்கம் மாதிரி ஏதாவது வச்சு ஒரே ஆளா பேசச் சொல்லுங்களேன்” என்றார். சலிப்பில் சொன்னதுதான். ஆனால் ஆரம்பம் அதுதான்.

எங்கள் நகர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிறது. மாநகராட்சி எல்லை எங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். நாங்கள் பக்கத்து ஊராட்சி. 42 வீடு, ஏறக்குறைய அதே அளவு காலி மனை. மனைக்காரர்களில் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன்பு இதெல்லாம் சம்பா விளைந்த வயல்.

தண்ணீர் வடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டு மாடியில் கூடினோம். 31 பேர் வந்தார்கள். சங்கத்துக்குப் பெயர் வைப்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. அப்புறம் வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கிளம்பியது. “இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க” என்றார் ஒருவர். மாவு அரைத்து விற்கும் அக்கா வாடகை வீட்டுக்காரர். அவர் மூலையில் இருந்தபடியே, “தண்ணி உள்ள வரும்போது இது சொந்த வீடா வாடகை வீடான்னு கேட்டுக்கிட்டா வந்துச்சு?” என்றதும் மாடியே சிரித்தது. கடைசியில் வாடகைதாரருக்கு ஓட்டு உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் பதவி கிடையாது என்று முடிவானது. அது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்களிடம் ஒழுங்காகச் சந்தா கட்டுவது அவர்கள்தான்.

பொருளாளர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. செயலாளர் பதவிக்கு ஒருவரும் இல்லை. நான் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். “எழுதுற பிள்ளைதானே, அதையும் எழுதட்டும்” என்று என் தலையில் கட்டினார்கள். வாத்தியார் தலைவர்.

பதிவு செய்யாமலே நடத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ஐ வாத்தியார் அச்செடுத்து வந்து படித்துக் காட்டினார். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். உறுப்பினர் எண்ணிக்கை 20-ஐயோ, ஆண்டு வரவு செலவு 10,000 ரூபாயையோ தாண்டினால் மூன்று மாதத்துக்குள் பதிந்தே ஆக வேண்டும். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றாலும் மூன்றாம் மாதமே அந்தப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடுவோம். சரி, பதிந்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

சட்டதிட்டம் எழுதத் தெரியாமல், சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவரின் அடுக்குமாடிச் சங்கத்துப் பிரதியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றினேன். இரவு பதினொரு மணிக்கு மேல் தட்டச்சு செய்ததால் கவனிக்கவில்லை. பொதுக்குழுவில் வாத்தியார் உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர், 14ஆவது விதியில் நின்றார். “லிஃப்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் தனிக் கட்டணம் வசூலிக்கப்படும்.” “நீச்சல் குளந்தான் போன மாசமே வந்துடுச்சே” என்றார் பின்னாலிருந்து ஒருவர். அன்றிரவே உட்கார்ந்து எல்லாவற்றையும் எங்கள் தெருவுக்குத் தகுந்தபடி திருப்பி எழுதினேன். நோக்கம் என்ன, யார் உறுப்பினர், சந்தா எவ்வளவு, கூட்டம் எப்போது, வங்கியில் கையெழுத்து யார் யார், நிதியாண்டு எதிலிருந்து எதுவரை, சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் யாருக்கு. கடைசிக் கேள்வியை எழுதும்போது கொஞ்சம் அபசகுனமாகத்தான் இருந்தது. ஆனால் அது இருக்க வேண்டும்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு நான்கு நடை. முதல் முறை திரும்பியது பெயரால். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சங்கம் பதிவாகியிருந்தது. ஒரு மணி நேரம் சண்டை போட்டு வைத்த பெயர்! ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டோம். இரண்டாம் முறை கையெழுத்து. அடையாள அட்டையில் ஒரு இன்ஷியல், எங்கள் தாளில் வேறு இன்ஷியல். மூன்றாம் முறை சங்கத்தின் முகவரிக்கு ஆதாரம். வாத்தியார் வீட்டு முன்னறைதான் அலுவலகம் என்பதால் அவர் வீட்டு வரி ரசீதும், வீடு அவர் மனைவி பெயரில் இருந்ததால் அந்த அம்மாவின் சம்மதக் கடிதமும். கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா, “கூட்டத்துக்கு எல்லாம் காப்பி போட மாட்டேன்னு அதுலயே எழுதிடவா?” என்றார். நான்காம் முறை சான்றிதழ் கிடைத்தது. பதிவு எண்ணை லெட்டர்பேடிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் போட்டோம். அப்புறம் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, அதை வைத்து வங்கிக் கணக்கு. அதில் சொல்ல ஒன்றுமில்லை, அலைச்சல்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நகரின் வடபுறம் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதைச் சாக்கடை என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒரு மீட்டர் அகலம், மேலே வெங்காயத்தாமரை. அதைத் தூர்வாரச் சொல்லி முதல் மனு கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் அது தங்களுடையது இல்லை என்றார்கள். கைகாட்டிய இடத்துக்குப் போனோம், அவர்களுடையதும் இல்லை. திங்கட்கிழமை தஞ்சாவூர் போய் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்தோம். மனு எண் வந்தது. அந்த எண்ணோடு மனு சுற்றி முதல் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யோசனை சொன்னது பொருளாளர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: இந்தச் சர்வே எண்ணில் உள்ள நீர்வழி யாருடைய பராமரிப்பில் இருக்கிறது? நீட்டி முழக்கியிருந்தால் நீட்டி முழக்கித்தான் பதில் வந்திருக்கும். 30 நாள் கெடு முடிவதற்குள் வந்த பதில் ஒரு வரி. வடிகால் வாய்க்கால் புறம்போக்கு, ஊராட்சிப் பராமரிப்பு. அதாவது அது சாக்கடையே இல்லை, பேர் சொல்லும் வாய்க்கால்.

பதில் கிடைத்ததும் நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டையும், அளவுகளோடு நிலத்தை வரைந்திருக்கும் புலப்படத்தையும் எடுத்தோம். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் படத்தை விரித்து ஸ்கேல் வைத்து அளந்தபோது ஒருவரும் பேசவில்லை. படத்தில் வாய்க்கால் நான்கு மீட்டர். தரையில் ஒன்று. மீதி மூன்று மீட்டர் எங்கே என்று கேட்க எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஏழு வீட்டுப் படிக்கட்டு, நான்கு கார் ஏறும் சாய்தளம், ஒரு கோழிக் கூண்டு, வாத்தியாரின் மதில் சுவர், என் வீட்டுக்காரர் போட்ட பைக் கொட்டகை. கொட்டகை ஒன்றரை அடிதான் உள்ளே. ஒன்றரை அடிதானே என்று நானே மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

சர்வேயர் வந்து கல் நட்டார். மறுநாள் இரவுக் கூட்டத்தில் நடந்த சண்டையை நான் மினிட் புத்தகத்தில் “விரிவாக விவாதிக்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறேன். துணைத் தலைவர், “சங்கம் ஆரம்பிச்சது நம்ம வீட்டை நாமளே இடிக்கவா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கூடவே இரண்டு வீடு போனது. அவர் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. வாத்தியார் மதிலை இடித்தார், உடனே இல்லை, இரண்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு. எங்கள் கொட்டகை அதற்கு முந்தைய வாரம் போனது. அவர் இடிப்பதற்குள் இடித்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஆக்கிரமிப்பு எடுத்துவிட்டால் ஊராட்சியில் உடனே தூர்வாருவார்கள் என்று எதிர்பார்த்தோம். அப்போது ஆனி மாதம். மேட்டூர் திறந்தாகிவிட்டது, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, இனிமேல் மண்ணில் கைவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டெல்டாவில் பிறந்து வளர்ந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது, ஜனவரி 28-இல் மூடுவது என்பது வழக்கக் கணக்கு. இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரையில்தான் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். வேலை நடப்பதும் அப்போதுதான். நாங்களோ தண்ணீர் நிற்கிற ஐப்பசியில் மனு எழுதுகிறோம். இப்போதெல்லாம் பொங்கல் கழிந்த முதல் கிராம சபையிலேயே, ஜனவரி 26 அன்று, தீர்மானம் போட வைத்துவிடுகிறோம். தீர்மானம் புத்தகத்தில் ஏறும்வரை நான் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.

அடுத்த பங்குனியில் நூறு நாள் வேலையில் தூர்வாரினார்கள். எங்கள் எல்லை வரை பளிச்சென்று ஆனது. சந்தாப் பணத்தில் வேலை செய்தவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுத்தோம். அன்றைக்கு மதியம் வாய்க்காலின் கீழ்த்தலையில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஏம்மா, நீதான் செகரட்டரியா? நல்லாதான் வெட்டியிருக்கீங்க. இனிமே உங்க செப்டிக் டேங்க் தண்ணி இன்னும் வேகமா என் வயலுக்கு வரும். அதுக்கு எந்தச் சங்கத்துல மனு குடுக்கணும்?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீடுகளின் பின்பக்கக் குழாய்கள் வாய்க்காலில் திறந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். மேலே இருப்பவன் விட்டது கீழே இருப்பவன் தலையில் என்று பெரியவர் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் வீடு கட்டியிருக்கும் இடம் முன்பு மழைத் தண்ணீர் இரண்டு நாள் தங்கி, மெதுவாக இறங்கிப் போன பள்ளமாம். அதை மண் கொட்டி மேடாக்கினோம். தங்க இடமில்லாத தண்ணீர் ஒன்று எங்கள் தெருவில் நிற்கும், இல்லையென்றால் அவர் நாற்றில் நிற்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்குச் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அவரையும் கூப்பிட்டோம். வந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒரு உறிஞ்சு குழி என்று தீர்மானம். இந்தக் களிமண்ணில் மழைக்காலத்தில் உறிஞ்சு குழியே ஊற்றாகிவிடும் என்று ஒருவர் சொன்னது உண்மைதான். அதனால் சமையல், குளியல் தண்ணீருக்கு மட்டும் குழி, செப்டிக் டேங்குக்கு வருடம் ஒரு முறை லாரி என்று பேசி, லாரியை மொத்தமாகக் கூப்பிட்டால் வாடகை குறையும் என்று கணக்குப் போட்டோம். 42-இல் 26 வீடு பின்பக்கக் குழாயை அடைத்திருக்கிறது. மிச்சம் 16-இல் யார் யார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் அடுத்த கூட்டம் நடத்தத் தேவையான ஆள்கூட இருக்காது.

காகித வேலை முடிவதே இல்லை. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும். நிர்வாகக் குழுவுக்கு அதிகபட்சம் மூன்று வருடம். இரண்டாம் வருடம் மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததில் மறந்துபோய்த் தாமதக் கட்டணம் கட்டினேன். என் கைக்காசுதான். பொருளாளர் ரசீது கேட்டார், கொடுத்தேன், தொகையைக் கொடுக்க மறந்துவிட்டார்.

போன ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நின்றது ஒன்றரை நாள். கழிவறை பொங்கவில்லை. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. கீழ்த்தலைப் பெரியவர்.

“யம்மா, மதகுக் குழாயில உங்க ஊர் பிளாஸ்டிக் பூராவும் அடைச்சுக்கிட்டு நிக்குது. அரிவாளும் ரெண்டு ஆளும் அனுப்பு. நான் இறங்கிட்டேன்.”

குடையை எடுத்துக்கொண்டு முதலில் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அப்புறம், கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய துணைத் தலைவர் வீட்டையும். அவர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.