ஆட்சேபணைக்கு நடுவில் நின்ற திரை

"ஆட்சேபிக்கிறேன்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்ததும் திரை அப்படியே நின்றது. வழக்கு விசாரணையைத் திரையில் ஓடவிட்டு நீதிபதிகளுக்குத் தரும் பயிற்சி இது.

ஏற்பதா, நிராகரிப்பதா? பயிற்சிக்கு உட்கார்ந்திருந்த நீதிபதி உடனே சொல்லியாக வேண்டும், காரணத்தோடு.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. கூண்டில் போலீஸ்காரர். மூச்சில் மதுவை அளக்கும் கருவியில் ஊதச் சொல்வதற்கு முன் குறைந்தது 15 நிமிடம் ஓட்டுநரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. இடையில் ஏப்பமோ வாந்தியோ வந்தால் வயிற்றிலிருக்கும் மது வாய்க்கு ஏறி, அளவு கூடுதலாகக் காட்டிவிடக்கூடும். அந்த நேரத்தில் இவர் குனிந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாராம்.

சரி, அந்த அளவைச் சாட்சியமாக ஏற்கலாமா?

இந்த மாதிரி வழக்குகளை லேசாக நினைத்துவிடுகிறோம். ரத்தத்தில் மது ஏறுவது, இறங்குவது, கருவியைச் சரிபார்த்த பதிவேடு என்று பாதிக்குப் பாதி அறிவியல். சட்டம் மட்டும் படித்து வந்தவருக்கு இது யார் சொல்லித் தருவது?

பயணிகள் விமானம் ஓட்டும் விமானிகளுக்குப் பாவனைப் பயிற்சி, அதாவது நிஜம்போல் அமைத்த சூழலில் பழகுவது, கட்டாயம். நீதிபதிகளுக்கும் அது வேண்டும் என்றே நினைக்கிறேன். இங்கே முடிவு பிசகினால் குடித்தவர் மறுபடி ஸ்டியரிங் பிடிப்பார், இல்லையென்றால் குடிக்காதவர் உரிமத்தை இழப்பார். அந்தப் பிசகு பயிற்சித் திரையிலேயே நடந்து முடியட்டும்.