மைன்ஸ் தாத்தாவுக்கு ஆஸ்பத்திரித் துணை

கோலார் தங்கவயலில் "கூட வர ஆள் கிடைக்குமா?" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் கேட்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபின் பிள்ளைகளின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறவர்கள் இருட்டிய பிறகுதான் லைன் வீட்டுக்கு, அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது வயதானவர்கள் மட்டும். லீவு போட்டால் சம்பளம் போகும் என்பதால் காசு கொடுத்துத் துணைக்கு ஆள் வைக்கிறார்கள்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். டாக்டர் சொன்னதைக் கேட்டு, எழுதி, சாயங்காலம் பிள்ளையிடம் சொல்வது பெரிய பங்கு. பல வருடம் டிரில் மெஷினும் வெடிச் சத்தமும் கேட்ட காது பாதி மந்தமாக இருக்கும். பெரியவர் "சரி சரி" என்று தலையாட்டுவார், ஒன்றும் விழுந்திருக்காது. எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று வீட்டிலேயே விசாரித்து அந்தப் பக்கம் உட்காருங்கள். தமிழோடு கன்னடமும் தெரிந்த ஆளாக இருந்தால்தான் சீட்டு போடும் இடத்திலிருந்து எக்ஸ்ரே அறை வரை வேலை ஓடும்.

பையில் முதலில் போக வேண்டியது பழைய எக்ஸ்ரே. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் போட்ட தழும்பு எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியலாம். இந்தத் தூசி நோயான சிலிகோசிஸ் இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். பழைய படம் இருந்தால் எது பழைய தழும்பு, எது புதிது என்று பிரிக்க முடியும். "மைன்ஸில் வேலை பார்த்தார்" என்று மட்டும் சொன்னால் போதாது. கீழே இறங்கினாரா, பாறையில் துளை போட்டாரா, எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "மூடி இத்தனை வருடமாச்சே" என்று தள்ளிவிடக் கூடாது. தூசியை விட்டு வந்த பிறகும் இந்த நோய் முற்றும்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் போதும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவரை விடியற்காலை பெங்களூர் ரயிலில் ஏற்றி, பத்து மணிக்கு ரத்தம் கொடுக்க வைத்தால் பதினான்கு மணி நேரப் பட்டினி. மயக்கம் அங்கேதான் வரும். டாக்டர் ஒப்புக்கொண்டால் முந்தின நாளே உள்ளூரில், ராபர்ட்சன்பேட்டையில் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். இன்சுலின் போடுகிறவர் என்றால் அன்று காலை ஊசியை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் முழு நினைவில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

ஆக்சிஜனோடு போகிறவருக்குக் கணக்கு முக்கியம். நிறைந்த பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். சின்ன ஏ டைப்பில் அதில் பாதி. பெங்களூர் போய்வர ஒரு முழுநாள் ஆகும், அதனால் "நிறைய இருக்கு" என்ற வாய்வார்த்தையை நம்பாமல் மீட்டர் முள்ளைப் பார்த்துக் கிளம்புங்கள். ரெகுலேட்டர் பொருந்தும் இடத்தில் வாஷர் தேய்ந்திருந்தால் வழியெல்லாம் கசிந்து பாதியில் தீர்ந்துபோகும். அந்த இடத்தில் எண்ணெய், கிரீஸ் தடவவே கூடாது, தீப்பிடிக்கும். ஆக்சிஜனை ஈரமாக்க மாட்டும் தண்ணீர் பாட்டில் ரயிலில் சாய்ந்தால் தண்ணீர் குழாயில் ஏறும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு அந்தப் பாட்டில் இல்லாமலே சமாளிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறது என்று நீங்களாக அளவைத் திருகி ஏற்றாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோயில் கூடுதல் ஆக்சிஜனும் கெடுதல் செய்யும். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி குளிரிலும், மருதாணி நகத்திலும் தப்பாகக் காட்டும், விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

படியேறும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். மதிப்புக்குக் குறைவு என்று நினைத்துப் பழைய மைன்ஸ்காரர் நிற்கவே மாட்டார். "எனக்குக் கால் வலிக்குது தாத்தா" என்று நீங்கள் நின்றால் அவரும் நிற்பார். மருந்துச் சீட்டை விட இந்தப் பொய் உதவும்.

கூலி பேசும்போது வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை என்று பேசுங்கள். ஆஸ்பத்திரி நேரத்துக்கு மட்டும் என்று பேசினால் ரயில் தாமதமாகும் நாளில் சண்டைதான். டிக்கெட், சாப்பாடு யார் செலவு என்பதும் அன்றே முடிவாக வேண்டும். ஊசி போடுவதும், ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்திடுவதும் துணை ஆளின் வேலை இல்லை. ஏடிஎம் பின் நம்பர் கேட்கிற ஆளை அன்றோடு நிறுத்திவிடுங்கள். பாட்டிக்குத் துணை என்றால் பெண்ணாகவே பாருங்கள், கழிவறைக்கும் ஸ்கேனுக்கும் உள்ளே வர வேண்டியிருக்கும்.

வீடு திரும்பியதும் பழைய மாத்திரைப் பட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் வேறு, மருந்து ஒன்று என்று அடிக்கடி மாட்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். நிறுத்தச் சொன்னதைத் தனிக் கவரில் போட்டு, பிள்ளை வந்ததும் கையில் கொடுங்கள்.