குப்பியில் எழுதாத கரைப்பான்

"கரைப்பான் பேரு எழுதலைன்னா என்ன சார், நிறமாலையே சொல்லுதே?" என்று அந்த மாணவி கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊதா பாக்டீரியா ஒளியை உறிஞ்சப் பயன்படுத்தும் பாக்டீரியோகுளோரோபில்-ஏ என்ற நிறமியைப் பிரித்துக் கரைத்து அளப்பது பற்றிய பேச்சு அது. அவளுக்கு முன்னால் வேலை செய்தவர் விட்டுப்போன நிறமாலைக் கோப்புகளில், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்ற வரைபடங்களில், தேதி இருந்தது, வளர்ப்பின் எண் இருந்தது, எந்தக் கரைப்பான் என்பது மட்டும் இல்லை. அவற்றின் எண்களை அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேர்த்தால் அவளுடைய ஆய்வேடு முழுமையாகும். நான் சேர்க்க வேண்டாம் என்றேன்.

அவள் திரையைக் காட்டினாள். "உச்சி 608 நானோமீட்டர்ல இருக்கு சார். வெறும் அசிட்டோன்னா 580-க்குள்ள இருந்திருக்கும். இது மெத்தனால்தான்."

நல்ல வாதம். நிறமியின் நடுவே உள்ள மெக்னீசியம், வளையத்தின் நான்கு நைட்ரஜன்களோடு நின்றுவிடாமல் கரைப்பான் மூலக்கூறையும் பிடித்துக்கொள்ளும். ஈதரிலும் அசிட்டோனிலும் ஒரு மூலக்கூறைப் பிடிக்கும், ஆக ஐந்து பிணைப்பு. அவள் காட்டிய உச்சி, கியூ-எக்ஸ் என்ற உறிஞ்சல் பட்டை, அப்போது 575 முதல் 580 நானோமீட்டருக்குள் நிற்கும். மெத்தனாலிலும் பிரிடினிலும் இருபுறமும் ஒவ்வொன்று, ஆறு பிணைப்பு. பட்டை 610-ஐ ஒட்டிப் போய்விடும். ஏறக்குறைய 30 நானோமீட்டர் நகர்வு என்பது கண்ணுக்குத் தப்பாது.

"அது பிணைப்பு எத்தனைன்னு சொல்லுதும்மா, பாட்டில் எதுன்னு சொல்லலை" என்றேன். அசிட்டோனையும் மெத்தனாலையும் 7:2 கலந்து நிறமி எடுப்பதும் வழக்கம்தான். மெத்தனால் சேரச் சேரப் பட்டை அந்தப் பக்கம் நகரும். முன்னவர் எவ்வளவு கலந்தார் என்று யாருக்குத் தெரியும்?

என் கவலை 770 நானோமீட்டரில் உள்ள இன்னொரு பட்டையைப் பற்றித்தான். அளவு கணக்கிடுவது அந்தப் பட்டையின் உயரத்தை வைத்து. கரைப்பான் மாறினாலும் அது பெரிதாக இடம் மாறாது, அதனால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் உறிஞ்சும் திறன், அதாவது அதே செறிவுக்குப் பட்டை எட்டும் உயரம், மாறும். 7:2 கலவைக்கு மில்லிமோலார்-சென்டிமீட்டருக்கு 76 என்று எடுக்கிறோம், மெத்தனாலுக்கு 55-ஐ ஒட்டிய மதிப்பு. மெத்தனாலில் எடுத்ததற்குக் கலவையின் மதிப்பைப் போட்டால் நிறமி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாகத் தெரியும். செல்லுக்குள் என்ன நடந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் குப்பிக்குள் நடந்ததை எழுதிவிடுவோம். இதே நிறமி உயிருள்ள செல்லின் புரதங்களுக்குள் 800, 850, 875 என்று உறிஞ்சுகிறது. வெளியே எடுத்துக் கரைத்ததும் எல்லாம் 770-க்கு வந்துவிடுகிறது. சூழலைச் சொல்லாத எண்ணை நிறமியின் எண் என்று சொல்லவே முடியாது. இதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த வருடம் கலவை யாரும் தயாரிக்கவில்லை, முன்னவரின் மற்ற குறிப்புகளில் எல்லாம் மெத்தனால்தான் என்று. "பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்ங்கிறதை அட்டவணையில போட முடியாது" என்று பேச்சை முடித்துவிட்டேன். அவள் சரி சார் என்று போய்விட்டாள்.

அந்த இடத்தில்தான் மனம் நிற்கிறது. 750 பக்கம் ஒரு தோளும் 525 பக்கம் ஒரு சிறு மேடும் தெரிந்தால், மெக்னீசியம் கழன்று பாக்டீரியோஃபியோஃபைடின் ஆகிவிட்டது என்று வேறு சோதனை இல்லாமலே எழுதுகிறேன். அங்கே நிறமாலையின் சாட்சியம் போதும், இங்கே போதாது என்றால் என்ன அளவுகோல்? அளவைக் கணக்கிடுவது வேறு, அடையாளம் சொல்வது வேறு என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் அது போதுமானதாகத் தோன்றுகிறது.

அந்த வளர்ப்பு உறைநிலையிலிருந்து மீளவில்லை, திரும்ப எடுக்க வழியில்லை. ஆய்வேடு அந்த வரிசை இல்லாமலே போனது. புது நிறமியை மெத்தனாலிலும் கலவையிலும் தனித்தனியே கரைத்து, 608-க்கும் 770-க்கும் உள்ள உயர விகிதத்தைப் பழைய கோப்போடு ஒப்பிட்டிருக்கலாம் என்பது அப்புறம்தான் தோன்றியது. விகிதத்துக்குச் செறிவு தெரிய வேண்டியதில்லை. ஆனால் பழைய கோப்புகள் சிலவற்றில் 770 பட்டையின் இடது ஓரம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மெக்னீசியம் இழந்த நிறமி கலந்திருந்தால் விகிதமும் கெட்டிருக்கும். எல்லாக் கோப்புகளிலும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீக்கம் இல்லாதவற்றை மட்டும் எடுத்து ஒப்பிடத்தான் போகிறேன். அது மெத்தனால்தான் என்று தெரியவந்தால் அவளுக்கு எழுதுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.