வில்லுக்கு ஏற்ற மரம்: பிளந்தும் வளைத்தும் பார்த்ததில் தெரிந்தவை

ஒரே கட்டையிலிருந்து செதுக்கும் வில்லுக்கு யூ, ஆசேஜ் ஆரஞ்சு, ஹிக்கரி ஆகிய மரங்களையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். இவற்றுள் எதுவும் நான் இருக்கும் மண்ணில் வளர்வதில்லை. ஆகவே புளி, வேம்பு, கருவேலம், சடச்சி ஆகிய நான்கிலும் கட்டைகளைச் சேர்த்து, அவற்றுள் எது வில்லாகும் என்று சோதித்து வருகிறேன்.

கெட்டியான மரமே நல்ல வில்லாகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வில்லுக்கு வேண்டியது வளைந்து மீளும் தன்மை. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கை நோக்கிய புறம், இழுபடுகிறது. நம்மை நோக்கிய வயிற்றுப்புறம் நசுங்குகிறது. நசுங்குதலைத் தாங்காத மரம் உடனே ஒடிவதில்லை. வயிற்றில் நுண்ணிய மடிப்புகள் விழுந்து, நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும். முதுகில் இழை அறுபட்டிருந்தாலோ வில் முன்னறிவிப்பின்றி ஒடிந்துவிடும். இதனால் எந்த மரம் என்பதைவிட, அந்தக் கட்டையில் இழை முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடுகிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

அதை அறிவதற்கு ரம்பம் உதவாது. ரம்பம் இழையைக் குறுக்கே அறுத்துக்கொண்டும் நேராகச் செல்லும். ஆப்பு வைத்துப் பிளந்தால்தான் இழை போகும் வழி வெளிப்படும். வேம்பு இந்தச் சோதனையிலேயே விலகிவிட்டது. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் பிளந்த முகம் மேடும் பள்ளமுமாக இருந்தது; அதிலிருந்து எடுத்த மெல்லிய சட்டத்தை வளைத்தபோது முதுகில் சிம்புகள் எழும்பின. கருவேலம் வலுவானது, வளைத்துவிட்டால் நன்றாகவே மீள்கிறது. ஆனால் ஆளுயரத்துக்குக் கணு இல்லாத நேரான துண்டு கிடைப்பது அரிது. (சீமைக் கருவேலம் உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் என்பது கவர்ச்சியான செய்திதான், எனினும் அது வந்தேறி மரம், கோணலும் அதிகம் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை.)

புளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் நடுவே கருத்த வைரம் சிறிதாகவும், சுற்றிலும் வெளிறிய மரம் அகலமாகவும் இருக்கும். வைரம் பாய்ந்த பகுதியையே எல்லோரும் மதிப்பார்கள். ஆனால் பட்டைக்கு அடியிலுள்ள வெளிறிய மரத்தை அப்படியே முதுகாக விட்டுவிட்டால், இழையை அறுக்காமல் முழு நீளத்துக்கும் ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. ஹிக்கரி, எல்ம் போன்றவற்றிலும் இதே முறைதான். ஆசேஜ் ஆரஞ்சில் மட்டும் வெளிறிய பகுதியைச் சீவி நீக்கி, வைரத்தில் ஒரே ஆண்டு வளையத்தைத் தொடர்ந்து சென்று முதுகை அமைப்பார்கள். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையங்கள் தெளிவாகத் தெரியாததால் அந்த வழி இங்கே கடினம். புளியின் வெளிறிய மரத்தைப் பூச்சி எளிதில் துளைக்கும் என்பதால் பட்டையை உடனே உரித்துவிட்டேன்; உலரும்போது வெடிக்காமலிருக்க முனைகளில் மெழுகு பூசி வைத்திருக்கிறேன்.

நான்கிலும் நேராகப் பிளந்தது சடச்சி. கருவிகளின் கைப்பிடிக்கும் துடுப்புக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்ட மரம் அது. ஒரே அளவில் சீவிய சட்டங்களை வளைத்துவிட்டுப் பார்த்ததில், ஏறத்தாழ முழுவதும் மீண்டு நின்றதும் அதுவே.

மரம் மாறினால் வில்லின் அகலமும் மாற வேண்டும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ விற்கள் குறுகியவை, பருமனானவை. டென்மார்க்கின் ஹோல்மகார்டில் கிடைத்த, ஏறக்குறைய 9000 ஆண்டுப் பழமையுள்ள எல்ம் வில்லின் கரங்களோ, அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளோ, அகன்று தட்டையானவை. கரத்தின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அகலத்தை இரட்டித்தால் இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே வயிறு எளிதில் நசுங்கும் மரத்தில் தடிமனைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதே பாதுகாப்பு.

ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் ஈரம் நின்றால் நல்ல கட்டையும் வளைந்தே நின்றுவிடும். கட்டையை அவ்வப்போது எடைபோட்டு, எடை குறைவது நின்ற பிறகே வளைக்கத் தொடங்குகிறேன்.

இப்போது சடச்சிக் கட்டையை 68 அங்குல நீளத்தில் செதுக்கி, நாணை 28 அங்குலம் இழுக்க 40 பவுண்டு விசை வேண்டும் என்று குறி வைத்திருக்கிறேன். பாதி இழுப்பு வரை இரு கரங்களும் சீராக வளைகின்றன. கீழ்க்கரத்தில் பிடியை ஒட்டிய பகுதி மட்டும் இன்னும் விறைப்பாக இருப்பதால், அங்கே அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து வருகிறேன். புளிக் கட்டையின் எடை இன்னும் குறைந்துகொண்டே இருப்பதால், அதன் அகலத்தைப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.