இரண்டு டாக்டர்களுக்கு ஒரே தாள்

மனநோயும் சர்க்கரையும் சேர்ந்து இருக்கிற ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எங்களுக்குத் தெரிந்தவர்கள் சிலர் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு, எழுதியே வைத்துவிடலாம். அக்காவிடம் கேட்டேன். "என் பேரைப் போடாத, ஆஸ்பத்திரி பேரைப் போடாத, மத்ததை எழுதிக்க" என்றாள்.

அக்காவுக்கு இருமுனை மனநோய், கூடவே சர்க்கரை. பல வருடமாக மாத்திரையில் நன்றாக இருந்தவள், நடுவில் மாத்திரையை விட்டதில் மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறிக் கிளர்ந்து ஓடுகிற கட்டம், வந்துவிட்டது. தூக்கம் போனது. ராத்திரி இரண்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திருச்சி தில்லை நகரில் ஆரம்பித்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை நடப்பாள், நான் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் போவேன். "எனக்கு சுகரே போயிடுச்சு, பாரு எவ்வளவு நடக்கிறேன்" என்று சொல்லி சர்க்கரை மாத்திரையையும் குப்பையில் போட்டாள். அதோடு மைசூர்பா வேறு.

பெரியப்பா ஒரு தர்காவின் பெயரைச் சொன்னார். அம்மாவே மறுத்துவிட்டாள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்தில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்துபோனதை அவள் மறக்கவில்லை. மனநல மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானது. ஆனால் அக்கா வரமாட்டேன் என்கிறாள். அவள் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிற காலம் போய்விட்டது. 2017-இல் வந்து 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் பிரிவு 89 இதைப் பற்றியது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ பொது மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். சேர்க்கும் அன்றைக்கோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ. தனக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் உடம்புக்குக் கேடு வருகிற நிலை, இந்த மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அக்கா யாரையும் அடிக்கவில்லை, தன்னை மாய்த்துக்கொள்வேன் என்றும் சொல்லவில்லை. முதலில் பார்த்த மனநல மருத்துவரே கொஞ்சம் யோசித்தார்.

இரண்டாவதாகப் பார்க்க வந்த பொது மருத்துவர் பேச்சை வளர்க்காமல் விரலைக் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தார். 384. "மாத்திரை எப்போதிலிருந்து நிறுத்தியிருக்காங்க?" என்று கேட்டு, அதையும் தூக்கமில்லாமல் நடப்பதையும் தன் குறிப்பில் விவரமாக எழுதினார். தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்ற காரணம் அங்கேதான் கிடைத்தது. மனநோய்க்கான கோப்பில் சர்க்கரை இப்படித்தான் முதலில் நுழைந்தது.

சட்டப்படி இந்தச் சேர்க்கை 30 நாள் வரைதான். பெண் என்பதால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆண் என்றால் ஏழு நாள். நோயாளிக்கோ அவர் சார்பில் பேசுகிற பிரதிநிதிக்கோ சேர்த்தது தப்பு என்று பட்டால் அந்த வாரியத்திடம் மனு போடலாம். முடிவெடுக்கிற திறன் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளைக்கு ஒருமுறை டாக்டர் பார்த்து எழுத வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. இரண்டாவது முறை பார்த்தபோதே அக்கா தெளிந்திருந்தாள். "இப்போ நானே கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லி, தானாகச் சேர்ந்த நோயாளி என்று மாற்றிக்கொண்டு மீதி நாளை இருந்தாள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவள் நர்ஸ்களிடம் பேசுகிற தொனியே மாறிப்போனது.

அங்கேயே இன்னொரு காகிதமும் எழுதினாள்: நியமனப் பிரதிநிதியாக என் பெயர். இதற்கு முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி அவள் கையெழுத்துப் போட்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இது இல்லையென்றால் உறவினர் என்ற முறையில் யாராவது வருவார்கள். எங்கள் வீட்டில் அது பெரியப்பாவாகவும் இருந்திருக்கலாம். நலமாக இருக்கும்போதே இதை எழுதிவைத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஓலான்சபின், லித்தியம் இரண்டும் ஆரம்பித்தார்கள். லித்தியத்தால் கை நடுங்கியது, டம்ளர் பிடிக்க முடியவில்லை. அதற்கு புரோப்ரனோலால். ஓலான்சபின் பசியைக் கிளப்பும், எடை போடும், சர்க்கரையை ஏற்றும். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2004-லேயே அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கமும் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த மாதிரி மருந்து ஆரம்பிக்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தே ஆகணும் என்று கூட்டறிக்கை விட்டிருக்கிறார்கள். வார்டில் சர்க்கரை இறங்கவில்லை என்பதால் அங்கே வந்துபோகிற டாக்டர் சர்க்கரையை இறக்குகிற கிளிமெபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டினார். சாயங்காலம் காரிடாரில் நடக்க விடுங்கள் என்று கேட்டு வாங்கினோம். ஓய்வு, பொழுதுபோக்குக்கு வசதி கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கதவு திறக்கிறது.

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகு. டிஸ்சார்ஜ் சம்மரியில் மனநல மருந்துகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சர்க்கரைக்கு ஒரே வரி: சர்க்கரை டாக்டர் சொன்னபடி தொடரவும். சர்க்கரை டாக்டருக்கு அக்கா எங்கே இருந்தாள் என்பதே தெரியாது. அவள் சொல்லவிடவில்லை. அந்த கிளினிக் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. "டாக்டருக்குத் தெரிஞ்சா பரவாயில்லடா. வெளியே டோக்கன் போடற பொண்ணு நம்ம தெருப் பொண்ணு" என்றாள். நியாயம்தான்.

சர்க்கரை டாக்டர் வழக்கம்போலக் காலையில் நடக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு முன் மாத்திரை என்பதால் ஆறு மணிக்கே அதைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் நடப்பாள், எட்டு மணிக்கு டிபன். இதற்குள் ஓலான்சபின் அளவைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள், பசி அடங்கியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கூட்டிய கிளிமெபிரைடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மைதானத்தில் மூன்றாவது சுற்றில் அக்கா நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, "நீ எதுக்கு என் பின்னாடியே வர்ற, போலீஸா நீ?" என்று கத்தினாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் விலகிப் போனார்கள். சம்பந்தமில்லாமல் அப்பாவின் சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அம்மா போனில், "மறுபடி ஆரம்பிச்சிருச்சா?" என்று அழுதாள். கை நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை. ஆனால் முதுகில் சுடிதார் தொப்பலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிரில், அதுவும் நின்றுகொண்டிருக்கிறவளுக்கு எப்படி இவ்வளவு வியர்க்கும்? பையில் இருந்த மீட்டரில் பார்த்தேன். 52. சோடாக்கடையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 81. "நான் என்ன பேசினேன்?" என்று கேட்டாள்.

லோ சுகர் வந்தால் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். புரோப்ரனோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. மீதி இருக்கிற அடையாளங்கள் எரிச்சல், குழப்பம், உளறல். மேனியாவைப் பார்த்துப் பழகின குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லவே வேண்டாம். மீட்டர் இல்லையென்றால் நேராக மனநல மருத்துவமனைக்குத்தான் ஓடியிருப்போம்.

இனி இரண்டு டாக்டரும் பேசியே ஆகணும். மனநல மருத்துவமனை ரிசப்ஷனில், "நோயாளி விவரம் ரகசியம் சார், வெளி டாக்டருக்குத் தரமாட்டோம்" என்றார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 23. அதே பிரிவுக்குள்ளேயே, சிகிச்சை கொடுக்கிற மற்ற மருத்துவர்களுக்குத் தேவையான விவரத்தைத் தரலாம் என்ற விலக்கும் இருக்கிறது. பிரதிநிதி என்ற முறையில் நோய், சிகிச்சை பற்றிக் கேட்க எனக்கும் உரிமை உண்டு. வீடு திரும்புகிறவருக்கு அடுத்து யார், எப்படிப் பார்க்கப்போகிறார்கள் என்று குடும்பத்தோடு கலந்து திட்டம் போட வேண்டும் என்று பிரிவு 98 சொல்கிறது. சண்டை போடவில்லை, இதைத்தான் தன்மையாகச் சொன்னேன். மனநல மருத்துவர் காதில் விழுந்ததும் அவரே கூப்பிட்டார். நல்ல மனுஷன், அவர் வரைக்கும் விஷயம் போகாததுதான் குறை.

அக்காவின் நிபந்தனை: கதை எதுவும் வேண்டாம், மருந்துப் பெயரும் அளவும் மட்டும். ஒரே தாளில் இடப்பக்கம் மனநல மருந்துகள், வலப்பக்கம் சர்க்கரை மருந்துகள், கீழே கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனைகள், அதற்கும் கீழே லோ சுகர் வந்த நாட்களும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும். ஒட்டிய கவரில் வைத்து, அக்காவே சர்க்கரை டாக்டர் கையில் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார், லித்தியம் என்ற இடத்தில் கண் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தாளில் இருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

அந்தப் பேச்சில் முடிவானவை: கிளிமெபிரைடை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின். இவை தாமாக லோ சுகருக்கு இழுத்துக்கொண்டு போவது அபூர்வம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற புது வகை மாத்திரையைப் பற்றி சர்க்கரை டாக்டர் கேட்டார். அது லித்தியம் அளவைக் குலைக்கும், நீர்ச்சத்தும் போகும் என்று மற்றவர் தயங்கினார், விட்டுவிட்டார்கள். ஓலான்சபினையே மாற்றலாமா என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவில்லை. சர்க்கரை டாக்டர் மருந்தை மாற்ற வேண்டும் என்றார். மனநல மருத்துவர், அடங்கின நோயை இப்போது கிளற வேண்டாம் என்றார். அக்கா இரண்டாமவர் பக்கம். எடை ஏறினால் மறுபடி பேசுவது என்று நிற்கிறது.

லித்தியம் அளவும் பார்க்கச் சொன்னார்கள். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். லேபில் பையன் பச்சை மூடி டியூபை எடுத்தான். அந்த வகையில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருப்பார்கள். அதில் எடுத்தால் இல்லாத லித்தியம் ரிப்போர்ட்டில் ஏறும். மனநல மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் மாற்றச் சொன்னோம். 0.95 வந்தது. அளவைக் கொஞ்சம் குறைத்து 0.7-க்குக் கொண்டுவந்ததும் கை நடுக்கமே குறைந்துபோனது, புரோப்ரனோலாலையும் படிப்படியாக நிறுத்தினார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான பரிசோதனை), தைராய்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

நடையும் மாறியது. இப்போது டிபன் சாப்பிட்ட பிறகுதான். கிளம்பும் முன் மீட்டரில் 90-க்குக் கீழே இருந்தால் ஒரு ஏலக்கிப் பழம் சாப்பிட்டுவிட்டு. 250-க்கு மேல் இருந்து உடம்பும் ஒரு மாதிரி இருந்தால் அன்றைக்கு நடை இல்லை. பாக்கெட்டில் குளுக்கோஸ் பொடி. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். தண்ணீர் பாட்டில் கட்டாயம், ஏனென்றால் வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் தங்கிவிடும். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்குகிற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். அவசரத்துக்குப் பாராசிட்டமால் மட்டும். மெடிக்கல் ஷாப்காரருக்கும் இதைச் சொல்லிவைத்திருக்கிறோம், லித்தியம் என்ற பெயரைச் சொல்லாமல்.

காப்பீடு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 21-இல் இருக்கிறது. முதலில் நிராகரித்தார்கள், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதியதும் கொடுத்தார்கள்.

இந்த வருடம் அக்கா சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகணும் என்றாள். எல்லோரையும் போல ராத்திரி கிளம்பி விடிய விடிய நடப்பதாக ஏற்பாடு, அதுவும் விரதத்தோடு. தாளின் பின்பக்கத்தில் இதைக் கேள்வியாக எழுதி இருவருக்கும் அனுப்பினோம். மனநல மருத்துவர் ராத்திரி நடைக்கு மட்டும் கண்டிப்பாக இல்லை என்றார். ஒரு ராத்திரித் தூக்கம் போனாலே மேனியா கிளம்பலாம். சர்க்கரை டாக்டர் விரதம் கூடாது, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். அம்மா தன் பங்குக்கு, "அம்மனே நமக்காக 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்குறா, நீ எதுக்குக் கிடக்கணும்?" என்றாள். வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, கொள்ளிடம் பாலம் வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து நடை என்று முடிவானது. வழியில் பந்தலில் பானகம் கொடுத்தார்கள். அக்கா மீட்டரை எடுத்துப் பார்த்தாள், 134. பானகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நீர்மோர் பந்தல் எங்கே என்று விசாரித்தாள்.