வெறும் தியரி

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்டத்து அக்காமார்களின் தூக்குவாளிகளுக்கு நடுவே இடித்துப் பிடித்துதான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். நேற்று என் மடியில் பரிணாமப் பாட விடைத்தாள்கள். டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், குரங்குலருந்து வந்தோம்ங்குறதெல்லாம் வெறும் தியரிதான?” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்குத் தியரி என்றால் பிராக்டிகல் இல்லாதது. பாடப்புத்தகம் அதற்கும் மேலே போய் டால்டனின் அணு தியரியை ‘டால்டனின் அணுக்கொள்கை’ என்கிறது. கொள்கை என்றால் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிற சமாச்சாரம் என்றுதானே பிள்ளைகள் நினைக்கும்?

உதாரணத்துக்குச் சிவப்பு மழையை எடுத்தேன். 2001 ஜூலையில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் பெய்தது. சங்கனாச்சேரியில் வேலையிலிருந்த சித்தப்பா கொடியில் மறந்துவிட்ட வெள்ளை வேட்டி, ரோஸ் கறையோடுதான் ஊருக்கு வந்தது. மழைக்கு முன் வானத்தில் பெரிய சத்தம் கேட்டதாக ஜனங்கள் சொன்னார்கள். எரிகல் வெடித்த தூளாக இருக்கும் என்று திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமே முதலில் சொன்னது. பாலைவனப் புழுதி என்றும் பேச்சு. இவையெல்லாம் கருதுகோள்கள், அதாவது சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகங்கள். தப்பென்றால் தப்பு என்று காட்ட வழி இருக்கும், அவ்வளவுதான். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததோ கல்தூள் இல்லை, வித்துகள் (ஸ்போர்கள்). பாலோடு என்கிற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவில் வளர்த்துப் பார்த்தபோது, மரப்பட்டையில் படியும் டிரென்டிபோலியா பாசி வந்தது. எரிகல்லை மையமே சில நாளில் கைவிட்டிருந்தது. (2006-ல் இதை வேற்றுலக உயிர் என்று ஒரு கட்டுரை கிளப்பியது தனிக்கூத்து.)

எரிகல் கருதுகோள் விழுந்ததால், உயிர்களெல்லாம் செல்களால் ஆனவை என்கிற செல் கோட்பாடு, அதாவது செல் தியரி, விழவில்லை. 1838-39-ல் ஷ்லைடன், ஷ்வான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தொடங்கி வைத்தது. அதன் மேல் நின்றுதான் ‘இது வித்து’ என்றே சொல்ல முடிந்தது.

அண்ணன் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

“வண்டி நின்னா முதல்ல எதைப் பாப்பீங்கண்ணே?”

“டீசல் பில்டரை.”

“ஸ்பார்க் பிளக்கு?”

சிரித்துவிட்டார். “டீசல் வண்டில ஏது டீச்சர் பிளக்கு? காத்தை அமுக்குற சூட்டுலயே பத்திக்கும்ல.”

“அந்தச் சூடுதான் தியரி. பில்டர் அடைச்சிருக்கும்ங்குறது கருதுகோள். கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்.”

செக்போஸ்ட் வரை பேச்சே இல்லை. நான் இறங்கும்போது கேட்டார்: “அப்ப குரங்கு எதுல சேத்தி?”

பள்ளியில் மணி அடித்துவிட்டது. சாயங்கால ஜீப்பில் பேசிக்கொள்ளலாம் என்று ஓடினேன்.